எருவுக்குப் பூட்டு

ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்த தவசிமுத்துவுக்கு, எந்தச் சாமானைப் பார்த்தாலும் அது தப்பான வேலையில் மாட்டிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றித் தேங்காய் உரிக்கும் மெஷின் செய்தார். அது தேங்காயை உரித்தது. கூடவே அவர் வேட்டியையும் உரித்தது. பழைய சைக்கிள் செயினில் ஒரு கிளி விரட்டி செய்தார். அதை வேடிக்கை பார்க்க மாமரத்துக்குக் கிளிகள் கூடுதலாக வந்தன. இதையெல்லாம் அவர் மனைவி அழகுத்தாய் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அவளுடைய முட்டிக்குத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில், அழகுத்தாய்க்கு அவள் அப்பா கொடுத்த மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பத்திரம் அவள் பெயரில். தோப்புக்கு முன்னால் ஓர் ஓடை, ஓடைக்கு மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தைக் கட்டிய புண்ணியவான் மனிதரும் மாடும் போனால் போதும் என்று நினைத்திருக்கிறான். அகலம் நாலரை அடி. எரு ஏற்றி வரும் டிராக்டர் ரோட்டோரமாகக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து மரத்தடி வரைக்கும் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துதான் ஆக வேண்டும். சுமக்க ஆள் கூப்பிட்டால், ஒரு நாள் வந்தவர்கள் மறுநாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. தவசிமுத்துவுக்கோ குடலிறக்க ஆபரேஷன் ஆகி வருஷம் ஒன்றுதான் ஆகிறது, பாரம் தூக்கக் கூடாது. போன வருஷம் பாதி எருவை அழகுத்தாயே சுமந்தாள். வலது முட்டி அத்தோடு போயிற்று.

இந்த வருஷம் ஆனி பிறந்ததும் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். இனி கூடையைத் தொடமாட்டாள், மம்பட்டியைத் தொடமாட்டாள், அவரையும் தொடவிடமாட்டாள். தோப்பைத் தம்பி சங்கிலிப்பாண்டிக்கு ஐந்து வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். ஆடி பிறந்துவிட்டால் புதிதாக எந்த எழுத்தும் எழுத ஆகாது என்பதால், ஆனிக் கடைசி வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறக்கிற பத்தரை மணிக்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்பி வீட்டில் வைத்துக் கையெழுத்து.

தவசிமுத்துவுக்கு இது ஒப்பவில்லை. மில்லில் இருந்த காலமெல்லாம் சங்கு ஊதினால் எழுந்து, சூப்பர்வைசர் கை காட்டிய மெஷினுக்குப் போனவர் அவர். தோப்பில் மட்டும்தான் அவரை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறிப் போய், மரங்களுக்கு நடுவில் சும்மா நடந்துவிட்டு வருவார். அந்த நடை இனி மச்சினன் தயவில் என்றால் அவருக்குத் தாங்காது. சங்கிலிப்பாண்டி கெட்டவன் இல்லை. ஆனால் முதல் வேலையாகக் கேட் போட்டுப் பூட்டுகிற ஆள்.

“எரு தானா உள்ள போனா?” என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

“தானா போறதுக்கு அதுக்குக் காலா இருக்கு?”

“போனா?”

அழகுத்தாய் முட்டியை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். “கூடை படாம, மம்பட்டி படாம ஒரு நடை எரு கொட்டிக் காட்டுங்க. நான் கையெழுத்துப் போடல. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம்.”

எருவுக்குக் கால் ஏற்கெனவே இருந்தது. குற்றாலத்துப் பக்கம் மூடிப்போன ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வந்து கிடந்த ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர பைக்கைப் பார்த்து, மனசைப் பறிகொடுத்து, இரண்டு வருஷத்துக்கு முன்பே அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று அழகுத்தாய் அன்றைக்கே சொன்னாள். இஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, செய்ய வேலைதான் இல்லை. தெருப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இப்போது தவசிமுத்துவின் மூளையில் பல்பு எரிந்தது. அதன் பின்னால் நாலடி அகலத்தில் ஒரு சின்ன டிப்பர் மாட்டினால் பாலத்தில் போகும். மரத்தடியில் நிறுத்தி லீவரை இழுத்தால் தொட்டி பின்பக்கமாகச் சாயும், எரு கொட்டும். மம்பட்டிக்கு அங்கே என்ன வேலை?

அவர் நேராகப் பெலிக்ஸிடம் போனார். பெலிக்ஸ் மில்லில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாக வெல்டிங் கடை வைத்திருக்கிறார். எடை தொண்ணூற்றைந்து கிலோ. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருப்பார். தவசிமுத்து சுவரில் கரியால் போட்ட படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆட்டோ ஆக்சிலும் சக்கரமும் தன்னிடம் இருப்பதாகவும், சட்டம் பண்ண ஆங்கிள் இரும்பும் இருப்பதாகவும், தொட்டிக்குத் தகடுதான் இல்லை என்றும் சொன்னார்.

தகடு தவசிமுத்துவின் வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தது. அது அவர்கள் கல்யாணத்துக்கு அழகுத்தாயின் தாய்மாமன் சங்கையா சீராகக் கொடுத்த பீரோ. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகன் விமல் வீட்டை எடுத்துக் கட்டியபோது சுவரிலேயே அலமாரி வைத்துவிட்டதால், பீரோ பின்வாசலுக்குத் தள்ளப்பட்டு, கோரைப்பாய்க்கும் உடைந்த குடைக்கும் காவல் இருந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று தவசிமுத்து கேட்டபோது அழகுத்தாய் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சேலையா வைக்கப் போகிறீர்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள்.

பெலிக்ஸ் பீரோவைக் கடை வாசலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கதவு இரண்டையும் கழற்றிவிட்டு, சுற்றி வந்தார். ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம்.

“அண்ணாச்சி, இது பொறக்கும்போதே டிப்பர்” என்றார்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் பெலிக்ஸ் கடையில் வேறு யாருடைய கேட்டும் கிரில்லும் நகரவில்லை. முதலில் ஆக்சிலைத் தொட்டிக்குச் சரி நடுவில் வைத்தார்கள். மணலை ஏற்றி, பைக்கில் மாட்டி, தவசிமுத்து ஏறி உட்கார்ந்தார். மணல் பின்பக்கம் சரிந்ததும் பைக்கின் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பி, அவரை அப்படியே கைப்பிடி மேல் கவிழ்த்துப் போட்டன. எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து, ஆக்சிலைப் பின்னால் தள்ள வேண்டும் என்று சொன்னார்கள். தவசிமுத்து அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது அல்லவா.

பின்கதவு அடுத்த சிக்கல். பீரோவின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்த இடத்தில், கழற்றிய பீரோக் கதவிலேயே மூன்றடி வெட்டிப் படுக்கைவாட்டில் தொங்கவிட்டார்கள். கீல் மேலே, கைப்பிடி கீழே. லாரியில் இருப்பது போல இரண்டு பக்கமும் கொக்கி போடலாம் என்றார் பெலிக்ஸ். கொக்கி போட்டார்கள். சோதனை ஓட்டத்தில் முதல் வேகத்தடையிலேயே கொக்கி துள்ளிக் கழன்று, மொத்த மணலும் டீக்கடை வாசலில் இறங்கியது. கடைக்காரர் அன்று முழுக்கத் தவசிமுத்துவுக்கு மட்டும் டீ கொடுக்கவில்லை.

“கொக்கியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று அவர் முடிவு செய்தார். பீரோவிலேயே பூட்டு இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே தடித்த இரும்புத் தாழ் போய் விழும். முப்பத்தோரு வருஷம் ஒரு தடவைகூடத் தானாகத் திறந்துகொண்டதில்லை. பெலிக்ஸ் சாவி எங்கே என்று கேட்டார். கைப்பிடிதானே திருப்பப் போகிறோம், சாவி எதற்கு என்றார் தவசிமுத்து. சாவி அழகுத்தாயின் இடுப்பில் கொத்தோடு இருந்தது. அந்த வீட்டில் இப்போது இல்லாத பூட்டுகளுக்கும் அந்தக் கொத்தில் சாவி உண்டு.

ஒன்றை மட்டும் இரண்டு பேரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள். கதவில் கைப்பிடிக்கு மேலே சிவப்புப் பெயிண்டில் ‘தாய்மாமன் சங்கையா சீர்’ என்று எழுதியிருந்தது. கதவு இப்போது படுத்துவிட்டதால் எழுத்தும் படுத்திருந்தது. பின்னால் வருகிறவர்கள் படிக்க வேண்டுமானால் கழுத்தைச் சாய்க்க வேண்டும்.

ஆனிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், குட்டியானை வேன் ஒன்றில் பைக்கையும் டிப்பரையும் ஏற்றிக்கொண்டு தவசிமுத்துவும் பெலிக்ஸும் தோப்புக்குப் போய் இறங்கினார்கள். வேன்காரருக்கு வேறு வாடகை இருந்தது, இறக்கிவிட்டுப் போய்விட்டார். அழகுத்தாய் முதல் பஸ்ஸிலேயே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் அவள் விவரமான பெண். பக்கத்துத் தோப்பு மாரிசெல்வியைச் சாட்சியாக உட்கார வைத்திருந்தாள். மாரிசெல்வி ஓடைப் பாலத்துச் சுவரில் கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வட்டாரத்தில் அந்தச் சுவரில் மட்டும்தான் டவர் எடுக்கும்.

ஏற்றுவதற்கு மம்பட்டி உண்டு என்பது ஒப்பந்தம். பெலிக்ஸ் அள்ளிப் போட்டார். வண்டி கிளம்பியது. பாலத்தின் நடுவில் ஒரு கல் தூக்கிக்கொண்டு நின்றது, டிப்பர் அதில் ஏறி ‘தடால்’ என்று இறங்கியது, அவ்வளவுதான். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கால் அடி மிச்சம் வைத்துப் பாலத்தைத் தாண்டிவிட்டது. தவசிமுத்துவுக்குக் கண் கலங்கியது. முதல் மரத்தடியில் நிறுத்தி, இறங்கி, தொட்டியை முன்னால் பிடித்துவைக்கிற இரும்புப் பின்னை உருவி, லீவரை இழுத்தார். தொட்டி மெல்ல மூக்கைத் தூக்கியது. எரு சரசரவென்று பின்னால் சரிந்தது. பின்கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினார்.

திரும்பவில்லை.

இரண்டு கையாலும் திருப்பினார். பெலிக்ஸ் வந்து திருப்பினார். பூட்டு உள்ளுக்குள் விழுந்து கிடந்தது. சாவி போடாமலே அது தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருந்தது.

பாலத்துச் சுவரில் மாரிசெல்வி போனைக் காதில் வைத்தாள். “மதினி, தூக்கிருச்சு. ஆனா கொட்டல.”

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். “மம்பட்டியா? இன்னும் தொடல. பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்றாள் மாரிசெல்வி. தவசிமுத்து ஓடிவந்து போனை வாங்கினார். பத்திரம் எழுதுகிறவர் வந்துவிட்டதாகவும், பத்தரைக்குள் முடிக்க வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்துவதாகவும், கொட்டவில்லை என்றால் தான் என்ன செய்ய முடியும் என்றும் அழகுத்தாய் சொன்னாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை என்பதை அவர் கவனிக்கும் நிலையில் இல்லை.

“ஏட்டி, சாவி ஒங்கிட்டதான் இருக்கு” என்று ஆரம்பித்தார். சுவரை விட்டு அரை அடி இறங்கி நின்றிருந்ததால் டவர் போய்விட்டது.

மணி ஒன்பது ஐம்பது. மம்பட்டியால் தள்ளிவிடலாம் என்றார் பெலிக்ஸ். மம்பட்டியால் தள்ளினால் அது டிப்பர் இல்லை, தொட்டி என்றார் தவசிமுத்து. மேலும் சாட்சி பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டை உடைக்கலாம் என்றால், உடையாத அளவுக்குப் பட்டை வைத்துப் பற்றவைத்தவர் பெலிக்ஸேதான். ஊருக்குப் போய்ச் சாவி வாங்கி வர வேறு வண்டி இல்லை, வந்து சேர நேரமும் இல்லை.

“சாவி இங்க வராதுலே” என்றார் தவசிமுத்து. “பூட்டு அங்க போகட்டும்.”

தொட்டியைக் கீழே இறக்குவது பெரும்பாடாக இருந்தது. எரு முழுக்கப் பின்கதவில் போய் முட்டிக்கொண்டு நின்றதால் அது வானத்தைப் பார்த்தே இருந்தது. பெலிக்ஸ் முன்விளிம்பில் ஏறி உட்கார்ந்ததும் பணிந்தது. ஆனால் அடிச்சட்டம் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டிருந்ததால் பின்னுக்கான ஓட்டை நேர் சேரவில்லை. தவசிமுத்து பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸுக்குப் புரிந்துவிட்டது. இனி ஊர் போய்ச் சேரும் வரைக்கும் அந்த இரும்புப் பின் அவர்தான்.

வனத்துறை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பணியில் இருந்த இளைஞர் சூர்யபிரகாஷ் மரியாதையான பிள்ளை. எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கழுத்தைச் சாய்த்து எழுத்தைப் படித்தார். எரு மேல் உட்கார்ந்திருந்த பெலிக்ஸைப் படித்தார். பிறகு கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.

“நம்பர் பிளேட் பத்தி நான் கேக்கல அய்யா, அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல. எருவுக்கு எதுக்குப் பூட்டு?”

தவசிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். முட்டி, குத்தகை, ராகு காலம், மாரிசெல்வி என்று ஒன்றையும் விடவில்லை. உண்மையை இவ்வளவு நீளமாகச் சொன்னால் பொய் மாதிரியே இருக்கும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. சூர்யபிரகாஷ், காட்டோரத்திலிருந்து வருகிற எருவுக்குள் சந்தனமும் இருக்கலாம், கறியும் இருக்கலாம், திறந்து பார்க்காமல் விட முடியாது என்றார். சாவி இல்லை என்றால் மம்பட்டியால் அள்ளிக் காட்டுங்கள் என்றார்.

“அது மட்டும் ஆகாது தம்பி” என்றார் தவசிமுத்து. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் என்ன நினைத்தாரோ, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுத் தன் பைக்கை எடுத்தார். சாவி இருக்கிற இடத்துக்கே கூட வருவதாகச் சொன்னார்.

இப்படியாக அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தார்கள். முன்னால் முள்கரண்டி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து தவசிமுத்து; நடுவில் பின்பக்கம் பார்த்தபடி, ஜெபம் சொல்லிக்கொண்டு பெலிக்ஸ்; கடைசியில் காக்கிச் சட்டையோடு சூர்யபிரகாஷ். பால்கோவாக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கழுத்தைச் சாய்த்தார்கள். யாரோ ஒரு வீட்டுச் சீர் திரும்பிப் போகிறது, என்ன சண்டையோ என்று ஓர் அம்மாள் சொன்னது தவசிமுத்துவின் காதில் விழுந்தது. வண்டி அதற்குமேல் வேகம் போகாது. போனால் அவர் போயிருப்பார்.

சங்கிலிப்பாண்டியின் வீடு மடவார் வளாகக் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. புதுவீடு. வாசலில் வெள்ளை டைல்ஸ் போட்டு, அதன் மேல் செருப்போடு வருகிறவர்களைத் திட்டுவதற்கென்றே அவன் காலையும் மாலையும் நாற்காலி போட்டு உட்காருவான். அன்று நாற்காலியில் வேறொருவர் இருந்தார். எண்பது வயதுத் தாய்மாமன் சங்கையா, பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தார். டைல்ஸ் விளிம்பில் டிப்பரின் முதுகு படும்படி தவசிமுத்து வண்டியைச் சுற்றி நிறுத்தினார். அந்தத் தெருவின் அகலத்துக்கு வேறு எப்படியும் நிறுத்த முடியாது.

அழகுத்தாய் கையில் பேனாவோடு வெளியே வந்தாள்.

“போட்டுட்டியா?” என்று கேட்டார் தவசிமுத்து.

“தேதிதான் எழுதியிருக்கேன்” என்றாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். தன் பீரோவைப் பார்த்தாள். சங்கையாவும் பார்த்தார். மெதுவாகக் கழுத்தைச் சாய்த்து, தன் பெயரைத் தானே வாய்விட்டுப் படித்தார்.

“ஏ, இது நான் கொடுத்ததுல்லா?”

தாய்மாமன் சீரில் மாட்டுச் சாணம் ஏற்றி வந்தவன் தலை தப்புமா? கிழவர் எழுந்து வந்து தொட்டியின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். ‘கணீர்’ என்றது.

“தகடு கெட்டித் தகடு. அன்னைக்கே சொன்னேன், இந்தக் காலத்துப் பீரோ எருவு தாங்குமா?” என்றார். அவருக்குப் பரம திருப்தி.

சங்கிலிப்பாண்டிக்குத் திருப்தி இல்லை. அத்தான் தெருவில் வைத்துத் தன்னை அசிங்கப்படுத்துவதாகவும், வண்டியை முதலில் டைல்ஸை விட்டு எடுக்க வேண்டும் என்றும், அக்கா உள்ளே வர வேண்டும், மணி பத்து இருபத்தைந்து என்றும் ஒரே மூச்சில் சொன்னான். அதற்குள் சூர்யபிரகாஷ் முன்னால் வந்து, சாவி இருப்பது அம்மாவிடமா, கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும் என்றார். காக்கியைப் பார்த்ததும் சங்கிலிப்பாண்டி அடங்கிவிட்டான்.

அழகுத்தாய் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தாள். பார்க்காமலே அந்தச் சாவியைப் பிரித்தாள். அதைப் பூட்டில் போடவில்லை. முதலில் கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்தாள், இடுப்பால் கதவை ஓர் இடி இடித்தாள், பிறகுதான் சாவியைப் போட்டாள்.

“முப்பத்தோரு வருசமா இது இப்படித்தான். குலுங்குனா தானாப் பூட்டிக்கிடும். ஒரு நாளாவது நீங்களாத் தொறந்து ஒரு சட்டை எடுத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்.”

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. மில்லில் எந்த மெஷின் எப்போது முனகும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் பீரோ எப்படித் திறக்கும் என்று தெரியவில்லை. குளித்துவிட்டு வந்தால் சட்டை கட்டில் மேல் இருக்கும். அது எப்படி அங்கே வருகிறது என்று அவர் யோசித்ததே கிடையாது.

சாவி திரும்பியது. ‘டக்’ என்று தாழ் விலகியது. வயசானவர் இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று பெலிக்ஸுக்கு இப்போதுதான் உறைத்தது. “கும்பிடுதேன் அய்யா” என்று கை கூப்பியபடி எழுந்து, பக்கவாட்டில் கீழே குதித்தார்.

பின்னாக இருந்தவர் எழுந்துவிட்டார். தொட்டி மூக்கைத் தூக்கியது. கதவு விரியத் திறந்து, ஒரு நடை எரு முழுவதும், ஒரு கைப்பிடி மிச்சமில்லாமல், ஒரே வீச்சில், சங்கிலிப்பாண்டியின் வெள்ளை டைல்ஸ் மேல் இறங்கிக் குவிந்தது. கிளறவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். அவ்வளவு அழகான கொட்டலை ராஜபாளையத்தில் நிஜ டிப்பர்கூடக் கொட்டியதில்லை.

சூர்யபிரகாஷ் குனிந்து ஒரு குச்சியால் குவியலைக் குத்திப் பார்த்து, “எருதான்” என்று அறிவித்தார். அழகுத்தாய் அவரிடமே கேட்டாள். புருஷனிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

“தம்பி, நீங்க பாத்தீங்கள்ல. மம்பட்டி பட்டுச்சா?”

“இல்லம்மா. நீங்க தொறந்தீங்க, அவரு எந்திரிச்சாரு, கொட்டிருச்சு.”

அழகுத்தாய் பேனாவை மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் தவசிமுத்துவுக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது. சங்கிலிப்பாண்டி பொங்கிவிட்டான். அக்காதானே தோப்பு வேண்டாம் என்று சொன்னாள், எழுதுகிறவரை வரச் சொல்லி, மாமாவை வரச் சொல்லி, கடைசியில் தன் வாசலில் சாணியைக் கொட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

“எம் முட்டிதான் வேண்டாம்னு சொல்லுச்சு பாண்டி” என்றாள் அழகுத்தாய். “நான் எங்க சொன்னேன்? அப்பா வச்ச மரம்.”

அவன் ஏதோ சொல்லப் போனான். உள்ளே சுவர்க் கடிகாரம் பத்தரை அடித்தது. ராகு காலம் பிறந்துவிட்டது, இந்த மாசத்தில் வேறு நல்ல நேரமும் இல்லை, இனி ஆடி முடிகிறவரைக்கும் பேச்சில்லை என்று சங்கையா நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எருவைத் திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. பெலிக்ஸின் மம்பட்டி தோப்பிலேயே கிடந்தது. டைல்ஸில் கறை பிடிப்பதற்குள் அள்ளியாக வேண்டும் என்ற பதைப்பில் சங்கிலிப்பாண்டியே உள்ளேயிருந்து மம்பட்டியைக் கொண்டுவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளிப் போட்டான். தவசிமுத்து உதவிக்குப் போனார். ஆபரேஷன் பண்ணின ஆள் சும்மா நில்லுங்க அத்தான் என்று அதட்டிவிட்டான். கோபத்திலும் அதை அவன் மறக்கவில்லை. ஆடி கழிந்ததும் அவன் தோட்டத்துக்கும் ரெண்டு நடை அடித்துத் தர வேண்டும் என்று போகிற போக்கில் கேட்டும் வைத்தான்.

சூர்யபிரகாஷ் விடைபெற்றுக்கொண்டார். பெலிக்ஸ் பின்னுக்கான ஓட்டையை இரவல் சுத்தியலால் அடித்து நேராக்கிவிட்டு, இனிமேல் தான் எருவின் மேல் உட்கார முடியாது, தோப்புக்குப் பஸ்ஸில் வருகிறேன் என்று போய்விட்டார். பைக்கின் பின்சீட்டில் அழகுத்தாய் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அந்த வண்டியை ஓணான் என்று திட்டியவள், இறங்கும்வரை அதன் கம்பியை விடவில்லை.

பாலத்தில் அந்தக் கல் மேல் டிப்பர் மறுபடி ‘தடால்’ என்றது. மரத்தடியில் அவள் இறங்கி, தூக்கிப் பிடித்து, இடித்து, சாவியைத் திருப்பினாள். எரு கொட்டியது. மாரிசெல்வி சுவரில் இருந்தபடியே பழக்கத்தில் போனை எடுத்துவிட்டு, சொல்ல வேண்டியவள் எதிரிலேயே நிற்கிறாள் என்று கீழே வைத்தாள்.

தவசிமுத்து கையை நீட்டினார். “சாவியக் கொடு. நீ எதுக்குச் சும்மா அலையணும்.”

“எம்புட்டு நடை இருக்கு இன்னும்?”

“இருவத்திரெண்டு.”

“எங்கிட்டயே இருக்கட்டும். நடைக்கு நடை வாரேன். ஒக்காந்துதான வாரேன்” என்றாள் அழகுத்தாய். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, போன வருஷம் இந்த மரத்தடிக்குத்தான் தான் கடைசிக் கூடையைச் சுமந்தது என்று சொன்னாள். அவருக்குச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் தவசிமுத்து குளித்துவிட்டு வந்தார். கட்டில் மேல் பார்க்கவில்லை. நேரே போய்ச் சுவர் அலமாரியைத் தானே திறந்து, ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். அது விமல் போன தடவை விட்டுப்போன சட்டை. வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான் சேரவில்லை. அழகுத்தாய் மேலும் கீழும் பார்த்தாள். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று முன்னால் நடந்தாள்.